அழுதால் ஈமான் குறைந்துவிடுமா?

 

 

மவ்த்தான வீட்டில் சில வார்த்தைகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "அழாதேம்மா, மய்யித்துக்கு வேதனையாகும்" என்பார்கள். கணவனை இழந்த பெண்ணிடம், "ஈமான் உள்ளவங்க இப்படிக் கலங்கலாமா?" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு அது இன்னொரு சுமையாகிவிடுகிறது. பிள்ளையும் போய், ஈமானும் போய்விட்டதோ என்று அந்தத் தாய் பயப்பட ஆரம்பித்துவிடுகிறாள்.

சோதனை நேரத்தில் ஈமான் ஆறுதல் தரும் என்று மிம்பரில் சொல்கிறோம். அது உண்மை. ஆனால் அந்த ஆறுதல் எப்படிப்பட்டது? வலியே தெரியாமல் செய்துவிடும் மருந்தா? நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, மதீனா. நபியவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) சுமார் ஒன்றரை வயதுக் குழந்தை. பாலூட்டிய செவிலித் தாயின் கணவர் அபூ சைஃப் ஒரு கொல்லர். அந்தக் கொல்லரின் வீட்டில் குழந்தையின் உயிர் பிரிந்துகொண்டிருந்தபோது நபியவர்களின் கண்கள் நீரைச் சொரிந்தன. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு வியப்பு. தாங்களுமா, அல்லாஹ்வின் தூதரே என்று கேட்டார்கள். இது இரக்கம் என்று நபியவர்கள் விளக்கினார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனாலும் ரப்புக்குப் பொருத்தமானதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்றார்கள். மகனின் பிரிவால் தாம் கவலையில் இருப்பதையும் மறைக்கவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி வருகிறது.

அன்று இன்னொன்றும் நடந்தது. சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததற்காகவே சூரியன் இருண்டுவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். சற்றுச் சிந்தியுங்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு தந்தைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வார்த்தை உண்டா? வானமே உங்கள் மகனுக்காகத் துக்கம் கொண்டாடுகிறது என்கிறார்கள்! நபியவர்கள் வாய்மூடி இருந்திருந்தாலே போதும், அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியிருக்கும். ஆனால் அவர்கள் தொழவைத்துவிட்டு எழுந்து நின்று மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள்.

கண்ணீரை மறைக்காத அதே நபி, பொய்யான ஆறுதலை ஏற்கவும் இல்லை. ஈமானின் ஆறுதல் உண்மையின் மீதுதான் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

அப்படியானால் தடுக்கப்பட்டது எது? ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது பார்க்கச் சென்ற நபியவர்கள் அழுதார்கள். உடனிருந்தவர்களும் அழுதார்கள். அப்போது, கண்ணீருக்காகவோ உள்ளத்தின் கவலைக்காகவோ அல்லாஹ் வேதனை செய்வதில்லை என்று சொல்லி, தம் நாவைச் சுட்டிக்காட்டி, இதற்காகவே வேதனையோ ரஹ்மத்தோ கிடைக்கும் என்று எச்சரித்தார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதும், சட்டையைக் கிழிப்பதும், விதியைத் திட்டி ஒப்பாரி வைப்பதும்தான் கூடாது. கண்ணீர் கூடும்.

யஃகூப் (அலை) அவர்களைப் பாருங்கள். அழகிய பொறுமை என்று சொன்னவர்களும் அவர்கள்தான், மகனை நினைத்து நினைத்துக் கண்கள் வெளுத்துப்போனவர்களும் அவர்கள்தான். ஸூரா யூஸுஃபில் இரண்டையும் அல்லாஹ் சொல்லிக்காட்டுகிறான். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள். அதே மூச்சில், போய் யூஸுஃபைத் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். கண் வெளுத்தது, நம்பிக்கை வெளுக்கவில்லை. முறையிட ஒரு வாசல் இருக்கிறது என்பதுதான் முஃமினின் ஆறுதல்.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் கணவர் அபூ ஸலமா (ரலி) இறந்தபோது, நபியவர்கள் கற்றுத்தந்த துஆவை ஓதினார்கள். இந்தச் சோதனைக்குக் கூலி கொடு, இழந்ததைவிடச் சிறந்ததைத் தா என்று கேட்கும் துஆ அது. ஆனால் மனசுக்குள், அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் யார் இருக்கிறார் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடுதான் அந்த துஆவை ஓதினார்கள். பிறகு நாயகம் (ஸல்) அவர்களையே அல்லாஹ் கணவராகத் தந்தான். ஆகவே, மனம் அமைதியானபின்தான் துஆச் செய்ய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உடைந்த மனதோடு கேளுங்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பகரம் இந்த உலகிலேயே கிடைத்துவிடுவதில்லை. யஃகூப் நபிக்கு யூஸுஃப் திரும்பக் கிடைத்தார். நம் நாயகத்துக்கு இப்ராஹீம் திரும்பக் கிடைக்கவில்லை. இன்னா லில்லாஹ் என்று நாம் சொல்வதன் பொருளே, போனது தொலைந்துபோகவில்லை, சொந்தக்காரனிடம் போயிருக்கிறது, நாமும் அங்கேதான் போகிறோம் என்பதுதான்.

சகோதரர்களே! துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமையுங்கள் என்றுதான் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் மவ்த்தான வீட்டாருக்கு தல்பீனா என்னும் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துக் கவலையில் கொஞ்சத்தைப் போக்கும் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கவனியுங்கள், கொஞ்சத்தைத்தான்! பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று கலங்கிய மர்யம் (அலை) அவர்களை அல்லாஹ் கண்டிக்கவில்லை. நீரோடையையும் பழத்தையும் காட்டி, உண்ணுங்கள், பருகுங்கள், கண் குளிருங்கள் என்றான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கடற்கரைகளை அழித்தபோது, இது இன்னாருடைய பாவத்துக்குத் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னவர்கள் இருந்தார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் போன்றவர்களோ, பிழைத்து வந்த மீனவ மக்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டார்கள். இதில் எது சுன்னத் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி மவ்த்தான வீட்டுக்குப் போனால், ஏன் நடந்தது என்று காரணம் சொல்லாதீர்கள். அழாதே என்று தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், துஆச் செய்யுங்கள், சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூன்று நாளோடு நிறுத்திவிடாமல் மூன்று மாதம் கழித்தும் ஒரு தடவை போய் விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கண்ணீரை ரஹ்மத்தாக ஆக்குவாயாக! எங்கள் நாவுகளைப் பாதுகாப்பாயாக! பிரிந்தவர்களோடு எங்களைச் சுவனத்தில் ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!