சிக்கிய தோட்டா

நூறு தோட்டாவில் ஒன்பது தடவை சிக்கியது. ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு ரேஞ்சில், ஒரு சனிக்கிழமை காலையில், ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்தேன். எத்தனையாவது தோட்டா, எந்த மேகசின், யார் சுட்டது, எப்படிச் சிக்கியது. துப்பாக்கி என்னுடையதல்ல. கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியரான ஓர் அண்ணாவுடையது. ஒன்பது மில்லிமீட்டர் காம்பாக்ட் பிஸ்டல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பெட்டியின் வாசனைகூடப் போகாத புதுசு.

விசாவில் இருக்கும்வரை எங்களைப் போன்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பெரும்பாலும் இங்கே சட்டம் இடம் தராது. அண்ணாவுக்கு கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எதிர்வீட்டில் யாரோ கதவை உடைத்துவிட்டார்கள், அதனால் வாங்கினேன் என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டெக்சாஸில் அது கேட்கக்கூடிய கேள்வியும் அல்ல. "சிக்கிச் சிக்கி நிக்குதுடா, நீ வந்து பாரு" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். என் அப்பா கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டுபவர். ஓடாத மோட்டார் ஒன்று பட்டறையில் ராத்தங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த வியாதி எனக்கும் உண்டு.

இந்தச் சாதனம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுட்டதும் அந்த உதையில் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போகிறது. போகிற போக்கில் காலி உறையை இழுத்து வெளியே எறிகிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, வரும் வழியில் மேகசினின் உச்சியில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவை நகர்த்தி, ஒரு சின்னச் சரிவில் ஏற்றி, குழலுக்குள் நுழைத்து மூடுகிறது. எல்லாம் கண் இமைப்பதற்குள். பெரிய பிஸ்டலில் இதற்குக் கொஞ்சம் தாராளமான இடம் இருக்கும். காம்பாக்டில் ஸ்லைடு குட்டை, எடை குறைவு, ஸ்பிரிங் விறைப்பு, பயணத் தூரமும் குறைவு. மேகசினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவைத் தூக்கிக் கொடுக்க நேரமே இருக்காது. ஒரு பாகம் கொஞ்சம் சோம்பினாலும் போச்சு.

இன்னொன்றும் உண்டு. ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போக வேண்டுமென்றால் துப்பாக்கியின் கீழ்ப்பாகம் அசையாமல் நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது எந்த ஸ்பிரிங்கும் இல்லை, நம் மணிக்கட்டு. அது தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு பாதி வழியிலேயே திரும்பிவிடும். காலி உறை வெளியே விழாமல் வாயில் நட்டுக்கொண்டு நிற்கும். பார்க்க அடுப்புப் புகைக்குழாய் மாதிரி இருப்பதால் அமெரிக்கர்கள் இதற்கு ஸ்டவ்பைப் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மனித உடம்பையும் தன் உதிரிபாகங்களில் ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் இது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு அசல் சந்தோஷம் வந்தது என்பதை மறைப்பானேன்.

கடைக்காரரிடம் அண்ணா ஏற்கெனவே போயிருந்தார். அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். முதல் பதில், இருநூறு தோட்டா ஓடட்டும், தானாகப் பழகிவிடும். இரண்டாவது பதில், உங்கள் கைதான் காரணம், இறுக்கிப் பிடியுங்கள். அண்ணாவுக்கு அந்த இரண்டாவது பதில் ரொம்பவே உறுத்தியிருந்தது. "காசையும் குடுத்துட்டு, கை சரியில்லைன்னு பேச்சும் வாங்கணுமாடா?" என்றார்.

விற்றவன் வாங்கியவனின் கையைக் குறை சொல்வது இந்தத் துறையில் பழைய கதை. வியட்நாம் போரில் எம்-16 ரைஃபிள் சண்டைக்கு நடுவே சிக்கி நின்றபோது, சிப்பாய்கள் ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அதிகம் சுத்தம் செய்யத் தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சோடு, போதுமான துடைக்கும் சாமான்கூடக் கொடுக்காமல் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். வடிவமைத்தபோது இருந்த வெடிமருந்தை நடுவில் வேறொன்றாக மாற்றியிருந்தார்கள். அது அதிகம் கரி விட்டது, துப்பாக்கியின் வேகத்தையும் கூட்டியது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. 1967இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையிலான அமெரிக்க காங்கிரஸ் துணைக்குழு விசாரித்த பிறகுதான் பழி மேலே ஏறியது. சிக்கிய துப்பாக்கியைப் பிரித்துச் சரிசெய்துகொண்டிருந்த நிலையிலேயே செத்துக் கிடந்தவர்கள் உண்டு. இந்தக் கதையைத்தான் அன்று அண்ணாவிடம் சொன்னேன். "பொருள் மேல தப்பு இல்லைன்னு நிரூபணம் ஆகுறவரைக்கும் ஆள் மேல தப்புன்னு சொல்லக் கூடாதுண்ணா." நியாயமான வாக்கியம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது என் கண்ணை எப்படிக் கட்டியது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

பழுது பார்ப்பதில் ஒரே ஒரு விதிதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் அறை காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பிரித்து, தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்பிய கெட்டிக் கிரீஸைத் துடைத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டேன். இரண்டு மேகசின்களுக்கும் மார்க்கரால் 1, 2 என்று எண் போட்டேன். தோட்டா எல்லாம் ஒரே வகை. அண்ணா அறுபது சுட்டார், நான் நாற்பது. ஒன்பது சிக்கலில் ஏழு, இரண்டாம் எண் மேகசினில். என் கையிலும் சிக்கியது, அவர் கையிலும் சிக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் உதடுகளில் ஒன்று மயிரிழை உள்ளே வளைந்திருந்தது. தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு சரிவில் முட்டி நின்றதற்கு அதுதான் காரணம். உற்பத்தியாளருக்கு எழுதிப்போட்டோம். புது மேகசின் வந்தது. துப்பாக்கியை அண்ணா என்னிடமே விட்டிருந்தார். நான் தனியாகப் போய் இருநூறு தோட்டா சுட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு போன் செய்தேன். என்ன பொருள் என்று சொல்லாமல், ஒன்றைச் சரிசெய்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார்.

சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை இரவு அண்ணி கூப்பிட்டார்கள்.

"தம்பி, அது சரியாயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு அண்ணி. சனிக்கிழமை கொண்டுவந்து தந்துடறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்கள். "அது உங்க வீட்ல இருந்த இந்த மூணு வாரந்தான் நான் தூங்கினேனுங்க."

மார்ச்சிலேயே வேலை போய்விட்டதாம். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் லேப்டாப் பையோடு கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி தூக்கமில்லை, சரியாகச் சாப்பாடு இல்லை. எதிர்வீட்டுக் கதவு உடைந்தது உண்மைதான், ஆனால் அது நடந்து இரண்டு வருடமாகிறது.

போனை வைத்துவிட்டு அந்த நோட்டை எடுத்தேன். முதல் எண் மேகசினில், நல்ல மேகசினில், இரண்டு சிக்கல்கள் இருந்தன. இரண்டும் அண்ணா சுட்டவை, இரண்டும் கடைசிப் பத்துக்குள், இரண்டும் ஸ்டவ்பைப். பக்கத்தில் என் கையெழுத்தில், "கை தளர்வு. பொருட்டல்ல."

அதை நான் எழுதியிருக்கிறேன். அவர் மெலிந்திருந்ததை அன்று பார்த்தேன். கடிகாரம் மணிக்கட்டில் வளையல் மாதிரி ஆடியதைப் பார்த்தேன். அறுபது தோட்டாவுக்கே கை நடுங்கியதைப் பார்த்து, காரணத்தைத் தனியாகப் பிரித்து, கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். ஆள் மேல் பழி போடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்ததில் ஆளையே பார்க்காமல் விட்டுவிட்டேன். கடைக்காரர் அலட்சியமாகச் சொன்ன பதிலில், அவருக்கே தெரியாமல், பாதி உண்மை இருந்திருக்கிறது. கை சரியில்லைதான்.

பிளேட்டோவின் குடியரசு நூல் தொடக்கத்தில் ஓர் இடம் வரும். நீதி என்றால் உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தானா என்று கெஃபாலஸ் என்ற பெரியவரிடம் சாக்ரடீஸ் கேட்கிறார். நல்ல மனநிலையில் இருந்த நண்பனிடம் ஆயுதம் வாங்கி வைத்திருக்கிறாய். பிறகு அவனுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது, வந்து திருப்பிக் கேட்கிறான். கொடுப்பாயா? கொடுக்கக் கூடாது, அந்த நிலையில் இருப்பவனிடம் முழு உண்மையையும் சொல்லக் கூடாது என்று இருவரும் எளிதாக ஒத்துக்கொள்கிறார்கள். விவாதத்தை மகன் தலையில் கட்டிவிட்டுப் பெரியவர் சிரித்துக்கொண்டே பூஜைக்குக் கிளம்பிவிடுகிறார். கல்லூரியில் படித்தபோது சின்னப் பிள்ளைக்குச் சொல்லும் உதாரணம் மாதிரி இருந்தது. இப்போது அந்த ஆயுதம் என் அலமாரியில் இருந்தது. சாக்ரடீஸின் நண்பனுக்குப் பைத்தியம் என்று எல்லோருக்கும் தெரியும். என் அண்ணாவுக்கு அப்படி ஒன்றுமில்லை. வேலை போன மனுஷன், அவ்வளவுதான். அவருடைய பொருளை அவரிடம் தராமலிருக்க நான் யார்? அவர் மனைவி பயப்படுகிறார் என்பது போதுமா? போதாது என்று முடிவெடுத்து, தவறாகிப்போனால்?

அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி யார் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த எண்ணே சொல்லும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பதும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். பலருக்கு அந்த இருட்டு, நேரம் போகப் போக விலகும் இருட்டு. நடுவில் ஏதாவது ஒன்று தடுக்க வேண்டும், தாமதமாக்க வேண்டும். அதாவது, சிக்க வேண்டும்.

அன்று இரவு ஒரு விபரீத யோசனை வந்தது. வளைந்த பழைய மேகசின் என் மேஜையில்தான் கிடந்தது. அதைப் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன? சிக்குவது ஒரு கருணை என்று நினைக்க ஆசையாக இருந்தது. 1835 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் வாசலில் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைச் சுட ரிச்சர்ட் லாரன்ஸ் என்பவன் இரண்டு கைத்துப்பாக்கிகளை நீட்டினான். இரண்டும் வெடிக்கவில்லை. பிறகு சோதித்தால் இரண்டும் ஒழுங்காகச் சுட்டன. கடவுள் காப்பாற்றினார் என்று பலர் நம்பினார்கள். ஆனால் 1942 மே 27 அன்று பிராக் நகரத்தில் ஒரு சாலை வளைவில், நாஜிப் படையின் ஹைட்ரிக்கை நோக்கி யோசெஃப் காப்சிக் தன் ஸ்டென் துப்பாக்கியின் விசையை இழுத்தபோதும் அது சுடவில்லை. யான் குபிஷ் எறிந்த குண்டால்தான் ஹைட்ரிக் காயப்பட்டு, எட்டு நாள் கழித்துச் செத்தான். அங்கே காப்பாற்றியது யார்? யூத இன அழிப்பைத் திட்டமிட்டு நடத்தியவனுக்கு முன்னாலும் தோட்டா அதே மாதிரிதான் நின்றது. இயந்திரத்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அதன் பழுதுக்கும் தெரியாது. ஒரு வளைந்த தகட்டை நம்பி அண்ணாவை விட்டுவிடுவது, நான் எடுக்க வேண்டிய முடிவை அதன் தலையில் கட்டுவது. அந்த மேகசின் ஏழு தடவை சிக்கியது என்றால் மற்ற நாற்பத்து மூன்று தடவை சிக்கவில்லை என்றும் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை அண்ணா போன் செய்தபோது பொய் சொன்னேன். "இன்னும் ஒரு இடத்துல இடிக்குதுண்ணா, பாத்துட்டு இருக்கேன்." சாக்ரடீஸ் அனுமதித்த பொய்தான். ஆனால் வாயில் கசந்தது. மூன்று வாரம் அவர் கைமேல் பழி விழக் கூடாதென்று வாதாடியவன், இப்போது ஒரு குற்றமும் இல்லாத துப்பாக்கிமேல் பழி போட்டேன். இந்தப் பொய்யை எத்தனை நாள் ஓட்டுவது என்ற கேள்வியும் இருந்தது. வாரத்துக்கு ஒரு புதுக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அண்ணாவும் இன்ஜினியர்தான்.

மறுநாள் கையை வீசிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பே அண்ணிக்கு 988 என்ற எண்ணை அனுப்பியிருந்தேன். மன நெருக்கடியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்காகக் கவலைப்படுபவர்களும் இங்கே எந்நேரமும் கூப்பிடக்கூடிய எண் அது. பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். நான் உளறிக்கொட்டினேன். அண்ணி கூப்பிட்டதைச் சொன்னேன், அவர்கள்மேல் கோபப்படாதீர்கள் என்றேன், நோட்டில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் புல்தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து, "அப்ப அது சரியாத்தான் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணா."

"எத்தன ரவுண்டு ஓட்டின?"

"இருநூறு."

"ஒண்ணு கூட சிக்கலையா?"

"இல்லண்ணா."

தலையை ஆட்டினார். கோபமா, அவமானமா, ஆறுதலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க மனுஷரிடம் வழியில்லை. உள்ளே அண்ணி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு, "வேணும்னா கேப்பேன்" என்றும் சொன்னார். கேட்டால் என்ன செய்வேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. வேறு வேலை கிடைத்துவிட்டது, பழையதைவிடச் சம்பளம் குறைவு. ஒரு டாக்டரையும் பார்க்கிறார். துப்பாக்கி என் வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. தோட்டா வேறு இடத்தில். மாதம் ஒரு முறையாவது போனில் பேச்சோடு பேச்சாக, "எண்ணெய் போட்டியாடா? ஹூஸ்டன் காத்துக்குத் துரு ஏறிடும்" என்பார்.

போட்டேன் அண்ணா என்பேன். போடத்தான் செய்கிறேன்.