சிலருக்கான மாலை

எல்ஆர்டியில் வீடு திரும்பும்போது, கடவுள் இருக்கிறாரா என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் கொப்பிள்ஸ்டன் பாதிரியாரும் விவாதித்த பழைய ஒலிப்பதிவைக் கேட்டேன். 1948 ஜனவரி 28 அன்று பிபிசியின் ‘தேர்ட் புரோகிராம்’ ஒலிபரப்பியது. பத்து நிமிடத்தில் என் கட்டைவிரல் அடுத்த பாட்டைத் தேடிப் போய்விட்டது.

1946 செப்டம்பரில் தொடங்கிய அலைவரிசை அது. மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை இசை, நாடகம், கவிதை, தத்துவ உரை. பெக்கெட் வானொலிக்கென்று எழுதிய முதல் நாடகம் 1957-இல் அங்கேதான் ஒலித்தது. அதே ஆண்டு, கேட்பவர்கள் குறைவு என்று நேரத்தை வெட்டினார்கள். டி.எஸ். எலியட் உட்படப் பலர் எதிர்த்தும் பயனில்லை.

வெட்டியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எல்லாரும் கட்டும் உரிமக் கட்டணத்தில் சிலருக்கு மட்டும் தத்துவம் ஊட்டுவது சரியா? படித்தவன் தன் ரசனையை ஊர்ப் பணத்தில் வளர்ப்பதுதானே அது?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி, ‘சிலர்’ யார் என்பது முன்பே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது.

எங்கள் வீட்டு அடுப்படியில் வானொலி எப்போதும் ஓடும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அம்மா பாட்டுக்காகத்தான் அதைத் திறப்பார். ஒருநாள் மாலை பாட்டு முடிந்து யாரோ குறளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் பசிக்குதுன்னு கத்தினேன். தேங்காய் துருவிய கையோடு அம்மா சொன்னார்: “இருடா, அந்தாளு என்னமோ சொல்றாரு, கேட்டுட்டு வர்றேன்.”

அன்றைக்கு அந்தச் சிலரில் அம்மாவும் ஒருவர். அம்மாவே அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிடித்ததைக் கேட்டு எழுதும் எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் பெயருக்கு நேராகப் ‘பாட்டு’ என்றுதான் இருந்திருக்கும்.

இன்று என் கைப்பேசி எனக்குப் பிடித்ததை மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறது. யாரும் என்மேல் எதையும் திணிப்பதில்லை, அது சுதந்திரம்தான். ஆனால் நேற்றைய நான் தேர்ந்ததையே இன்றைய எனக்கும் ஊட்டினால், நாளைக்கு நான் யாராக மாறக்கூடும் என்பதற்கு இடம் எங்கே? சிறுபான்மை நிகழ்ச்சிக்குச் செலவிடுவதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஏற்கெனவே உயர்ந்தவர்களுக்கான பரிசு அல்ல. இன்னும் வந்து சேராதவருக்காகப் போட்டுவைக்கும் நாற்காலி.

இந்நாட்டில் தமிழில் எழுதும் நாமும் அந்த நாற்காலியை நம்பித்தானே இருக்கிறோம்?

விவாதத்தை மறுபடி முதலிலிருந்து போட்டேன். முடிவில் இருவரும் ஒத்துப்போகவில்லை. நான் இறங்க வேண்டிய நிலையம் தாண்டிவிட்டது.