களிம்பு ஏறிய முனை

ஃபியூஸ் போகவில்லை. ஹோல்டர்தான் கருகியிருக்கிறது.

இந்த அம்பாசடருக்கு எப்போதோ யாரோ ஹாலஜன் பல்பு போட்டபோது, ஹெட்லைட் வயரின் நடுவே சேர்த்த ஹோல்டர். விரல் நீளம். அமுக்கித் திருகினால் இரண்டாகப் பிரிகிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு கண்ணாடி ஃபியூஸ். கண்ணாடிக்குள் கம்பி முழுசாக இருக்கிறது. அதைச் சுமந்த பிளாஸ்டிக் ஒரு பக்கம் இளகி நெளிந்துவிட்டது.

ஃபியூஸுக்குத் தெரிந்தது கரண்டின் அளவு மட்டும். தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, முனை கொதிப்பது அதற்குத் தெரியாது. இரண்டு பல்பும் டிம்மில் எரிய ஏறக்குறைய 9 ஆம்பியர் வேண்டும். பிடிப்பு விட்ட இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 8 வாட் சூடு அந்தப் புள்ளியிலேயே இறங்கும். தடை ஏற ஏற கரண்ட் குறையும், வெளிச்சம் மங்கும், ஃபியூஸ் மட்டும் பேசாமல் இருக்கும். கருகும் வாடை வந்த பிறகுதான் நமக்கே தெரிகிறது.

முனையில் பச்சைக் களிம்பு. செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் ஆணவத்துக்கு உவமை சொல்வார்கள். உப்புத்தாளால் தேய்த்தால் செம்பு பளிச்சென்று ஆகிவிடும், ஆனால் தளர்ந்த ஸ்பிரிங் இறுகாது. மாற்றத்தான் வேண்டும்.

ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். வேறு சில வகைகளில் அதே 35, தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் வயர் முந்திக்கொண்டு உருகும்.

புதியது பிளேடு ஃபியூஸ் ஹோல்டர். தட்டைக் கால்கள் இரண்டையும் தாடைகள் இருபுறமும் கவ்வுகின்றன. ஃபியூஸ் நீல நிறம், 15 ஆம்பியர். வாங்கும்போது நான் பார்ப்பது ஹோல்டரின் வால் வயரைத்தான். அது வண்டியின் வயரைவிடச் சன்னமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். பேட்டரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் இடைப்பட்ட வயருக்குக் காவல் கிடையாது.

எர்த்தை முதலில் கழற்றி, கிரிம்ப் பண்ணி, இழுத்துப் பார்த்தாயிற்று. ஹெட்லைட்டை அரை மணி நேரம் எரியவிட்டு ஹோல்டரைத் தொட்டேன். சூடு இல்லை. ஹார்ன் வயரிலும் அந்தப் பழைய ஹோல்டரின் வயசில் ஒன்று தொங்குகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் பிரிக்க வேண்டும்.