மூச்சும் தலைவிதியும்

"விதி முடிந்தது, மூச்சு நின்றது!" சாவு வீட்டுத் திண்ணைதோறும் கேட்கும் பேச்சு இது. மூச்சை ஆண்டவன் அளந்து கொடுத்தானாம். அளவு தீர்ந்ததும் ஆவி பறந்ததாம்! உண்மையில் மூச்சு என்பது யாது? அறிவியல் தரும் விடையைக் காண்போம்.

மூச்சு விடுதலும் ஒருவகை எரிதலே என்று 1780களில் ஆய்ந்துரைத்தார் பிரெஞ்சு அறிஞர் லவாசியே. அந்த எரிதல் நடக்கும் இடம் நுரையீரல் அன்று, உடலின் செல்கள் என்பது பின்னர்த் தெளிந்தது. உண்ட சோறு குளுக்கோசாகிச் செல்லை அடைகிறது. அங்கே சிதைந்து, மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலையிலே படிப்படியாக ஆற்றலை விடுகிறது. அந்த ஆற்றலே ஏ.டி.பி. என்னும் நாணயமாகிறது. உணவினின்று பிரிந்த எலெக்ட்ரான்களை முடிவில் ஏற்று நீராவதே உயிர்வளியின் பணி. உயிர்வளி கிடைத்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி.; கிடைக்காவிடில் இரண்டே இரண்டு! இராயபுரத்தில் மூட்டை சுமக்கும் தோழன் இரைக்க இரைக்க மூச்சு வாங்குவது இதற்காகவே.

அக்கிரகாரத்துச் செல்லுக்கு ஓர் உலை, சேரியின் செல்லுக்கு வேறோர் உலை உண்டோ? இல்லை. செல் பேதம் அறியாது. காற்றை மட்டும் பேதப்படுத்தி வைத்தோம்!

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நேரம். கப்பலிலிருந்து ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் கண் எரிய, தொண்டை அடைக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளிலே ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா மூச்சுப்பாதையின் ஈரத்திலே கரைந்து சுடும், பாதை வீங்கும். வீங்கிய பாதையில் உயிர்வளி தடைபட்டால் செல்லின் உலை என்னாகும்?

அன்று மூச்சை மறித்தது எமனின் பாசக்கயிறா? அன்று, அன்று, மனிதன் பதித்த குழாய்!

"துயருற்றோர்க்கு விதி என்பது ஓர் ஆறுதல் அன்றோ?" என்பர் பெரியோர். கண்ணீர் துடைக்கும் கையை நாம் தட்டிவிடவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? விதி என்றதும் கேள்வி செத்துப்போகிறது. குழாயைச் சோதித்தவர் யார், எச்சரிக்கை மணி எங்கே என்று எவரும் கேட்பதில்லை. ஆண்டவன் செய்ததைத் திருத்த ஆளில்லை. மனிதன் செய்ததை மனிதன் திருத்தலாம்!

துயருற்றோர் தோளைத் தழுவுவோம். அவர்களிடம் பொய் சொல்லோம். மூச்சு, ஆண்டவன் அளந்த படி அன்று. அனைவர்க்கும் பொதுவான உடைமை. அதைக் கெடுப்பது எதுவாயினும், ஏன் என்று கேட்பதே பகுத்தறிவின் முதற் கடமை!