நோன்பை முறிப்பதும் ஒரு கீழ்ப்படிதலே!

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



ரமளான் மாதத்தில் நம்மில் பல வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். அஸர் தொழுகை முடிந்த நேரம். அறுபது வயதைத் தாண்டிய அத்தா நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பத்து, பதினைந்து வருடங்களாகச் சர்க்கரை நோய். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. மகள் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வருகிறாள். "அத்தா, குடிச்சிடுங்க அத்தா" என்று கெஞ்சுகிறாள். அவரோ கையால் தட்டிவிட்டுச் சொல்கிறார்: "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே? நாற்பது வருஷமா ஒரு நோன்பு விட்டதில்ல. மௌத்தானாலும் நோன்போட மௌத்தாப் போறேன்."

கேட்பவர்கள் கண் கலங்கிவிடுவோம். "என்ன ஈமான்! என்ன உறுதி!" என்போம். ஆனால் இன்று நாம் நிதானமாக யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த டம்ளரைத் தட்டிவிட்ட கை அல்லாஹ்வுக்குக் கீழ்ப்படிந்ததா, இல்லை தன் மனதுக்குக் கீழ்ப்படிந்ததா?

நோன்பைக் கடமையாக்கியவன் யார்?

நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், ஸூரத்துல் பகராவின் 184, 185 வசனங்களில், நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையையும் அல்லாஹ் சேர்த்தே சொல்கிறான். அதோடு நிற்கவில்லை. தன் அடியார்களுக்குத் தான் நாடுவது இலேசைத்தான், கஷ்டத்தை அல்ல என்பதையும் அங்கேயே தெளிவுபடுத்துகிறான். கடமையைச் சொன்னவனும் அவன்தான், சலுகையைச் சொன்னவனும் அவன்தான். முதல் பாதியை ஏற்று, "மறுபாதி எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அது எந்த வகைப் பணிவு?

ஒரு முதலாளி தன் வேலையாளிடம், "உனக்குக் காய்ச்சல் அடிக்கிறது, இன்று மூட்டை தூக்காதே, குணமானதும் தூக்கலாம்" என்கிறார். அவனோ கேட்காமல் தூக்கி, கீழே விழுந்து, மூட்டையையும் உடைத்து இடுப்பையும் உடைத்துக்கொள்கிறான். விசுவாசத்தில்தான் செய்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முதலாளியின் சொல்லை அவன் கேட்டானா?

உயர்த்திக் காட்டப்பட்ட கோப்பை

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்கா வெற்றிக்காக ரமளானில் நபி (ஸல்) அவர்கள் புறப்பட்டார்கள். அவர்களும் நோன்பு, தோழர்களும் நோன்பு. குராவுல் கமீம் என்ற இடத்தை அடைந்தபோது, மக்களுக்கு நோன்பு மிகவும் சிரமமாக இருக்கிறது, எல்லோரும் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நபியவர்களிடம் சொல்லப்பட்டது. அப்போதும் நேரம் அஸருக்குப் பிறகுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மஃரிப். நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு கோப்பைத் தண்ணீரை வரவழைத்தார்கள். எல்லோரும் பார்க்கும்படி அதை உயர்த்திக் காட்டிவிட்டுக் குடித்தார்கள். அதன் பிறகும் சிலர் நோன்பை விடாமல் இருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அவர்களை மாறு செய்தவர்கள் என்று கண்டித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

நம் வீட்டு அத்தாவும் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார்: "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே?" பயணத்தின் சிரமத்திற்கே மஃரிப் வரை காத்திருக்கச் சொல்லாத நபியவர்கள், உயிருக்கே ஆபத்து வந்து நிற்கும் ஒரு முதியவரைக் காத்திருக்கச் சொல்வார்களா?

"என் உடம்பு, என் இஷ்டம்" என்று சொல்லலாமா?

"நோன்பு எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள விஷயம், என் உடம்பை நான் வருத்திக்கொள்கிறேன், உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

சகோதரர்களே! இந்த உடல் நமக்குச் சொந்தமானதல்ல, அமானத். மறுமையில் அடியானின் கால்கள் நகர்வதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, இந்த உடலை எதில் தேய்த்தாய் என்பது. திர்மிதியில் வரும் ஹதீஸ் இது. அடகுக்கு வந்த நகையை, "என் கையில்தானே இருக்கிறது" என்று உருக்கிவிட யாருக்கும் உரிமை இல்லை.

பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று இருந்த இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தாளிக்கும் அவர் மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அவரோ தன்னால் முடியும் என்று கூடுதலாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். முதுமை வந்தது. உடல் தளர்ந்தது. அப்போது, நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். புகாரியில் பதிவாகியிருக்கும் இந்த வருத்தம் நமக்கெல்லாம் பாடம்.

இந்தப் பட்டியலில் குடும்பமும் இருப்பதைக் கவனியுங்கள். மயங்கி விழுபவர் தனியாக விழுவதில்லை. அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்கு ஓடும் மகன், தராவீஹை விட்டுவிட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவி, வளையலைக் கழற்றிக் கொடுக்கும் மகள், அத்தனை பேரும் சேர்ந்துதான் விழுகிறார்கள். ஆகவே அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமான விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

தவக்குல் என்பது எது?

"மௌத் எழுதியிருந்தால் வரும், எழுதாவிட்டால் வராது" என்பது இன்னொரு வாதம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரலி) விளக்கினார்கள். நோய் அவனுடைய விதி என்றால், மகள் கொண்டு வந்த அந்த டம்ளரும் அவனுடைய விதிதான். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தட்டிவிடுவது தவக்குல் ஆகாது.

நோன்போடு மௌத்தாக ஆசைப்படுவது வேறு. விடச் சொல்லியும் விடாமல், நோன்பையே மௌத்துக்குக் காரணமாக்கிக்கொள்வது வேறு. ஸூரத்துன் நிஸாவின் 29-ஆவது வசனம் நம்மை நாமே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. தாதுஸ் ஸலாஸில் போரில் கடுங்குளிர் இரவொன்றில் குளிப்பு கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் இறந்துவிடுவோம் என்று அஞ்சி, இந்த வசனத்தை நினைவுகூர்ந்துதான் தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை.

மார்க்கம் தெரியாமல் வற்புறுத்துவோருக்கு

நோயாளியைவிடச் சில நேரம் சுற்றியிருப்பவர்கள் ஆபத்தானவர்கள். "உங்க தம்பிக்கும் சுகர்தான், அவரு முப்பதும் பிடிக்கிறாரே!" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், மறுநாள் அந்த மனிதர் மாத்திரையை மறைத்துவிட்டு நோன்பு வைக்கிறார்.

ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு தோழருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று உடன் இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்றார்கள். குளித்தார், இறந்துவிட்டார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடும் கோபம் கொண்டார்கள். அவர்கள்தாம் அவரைக் கொன்றவர்கள் என்று சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்று கண்டித்தார்கள். அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியை, அடுத்தவர் நோன்பைக் கணக்கெடுக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு

அதே நேரத்தில், "எனக்கும் சுகர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு டீக்கடைத் திரைக்குப் பின்னால் ஒதுங்குவதற்கான அனுமதி அல்ல இது. சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டிலும், சில மாத்திரைகளிலும் சர்க்கரையைச் சீராக வைத்திருக்கும் பலர், மருந்து நேரத்தை மாற்றிக்கொண்டு நோன்பு நோற்க முடியும். சிறுநீரகம் பாதித்தவர், அடிக்கடி சர்க்கரை இறங்கி மயங்குபவர், பல வேளை இன்சுலின் போடுபவர் ஆகியோரின் நிலை வேறு. யார் எந்த வகை என்பதை நம் மனமோ பக்கத்து வீட்டுக்காரரோ முடிவு செய்ய முடியாது. நம்பகமான மருத்துவர் உடலைப் பார்த்துச் சொல்லட்டும், ஆலிம் அதற்கான சட்டத்தைச் சொல்லட்டும்.

ஆகவே சில விஷயங்களை இப்போதே நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள்:

- ரமளான் பிறை பார்த்த பிறகு ஓடாமல், ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள்.
- நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. பார்க்கப் பயந்து இருந்துவிடாதீர்கள்.
- சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் கருவியைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.
- ஸஹரை விடாதீர்கள், கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள். இஃப்தாரில் கஞ்சியோடு வடையும் சமோசாவும் சர்பத்தும் வயிறு முட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் வயிற்றில் இடம் பிரித்துத் தந்த மார்க்கம் நம்முடையது.
- குணமாகும் நோயென்றால் பிறகு களா செய்ய வேண்டும். இனி நோற்கவே முடியாது என்ற நிலையில் உள்ளவர், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். விவரத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெண்களின் நோய்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அத்தாவின் சர்க்கரை அளவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் அளவு என்ன? மூன்று மணிக்கு எழுந்து எல்லோருக்கும் ஸஹர் பரிமாறிவிட்டு, பாங்கு சொல்லும் நேரத்தில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப்போட்டு நோன்பு வைப்பவர் அவர்தான். மாலையில் அடுப்படியில் வேர்த்து நிற்பவரும் அவர்தான். தலை சுற்றுகிறது என்று சொன்னால் வேலை நின்றுவிடும் என்பதற்காகச் சொல்லாமல் இருக்கிறார். அவருடைய உடலும் அமானத்தான். அந்த அமானத்தைப் பற்றி அவரிடம் மட்டுமல்ல, கணவரிடமும் பிள்ளைகளிடமும் கேட்கப்படும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்ப வேலைகளில் உதவினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இஃப்தாருக்கு ஒரு பதார்த்தம் குறைந்தால் நோன்பு குறையாது. இந்த வருடம் பரிசோதனைக்குப் போகும்போது ஒருவருக்கு அல்ல, இருவருக்குமாகப் போங்கள்.

நோன்பை விட்டவரின் கண்ணீர்

கடைசியாக, நோன்பு நோற்க முடியாமல் போனவர்களுக்கு. வீடே நோன்பு இருக்கும்போது தான் மட்டும் அறையின் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவது எத்தனை வலி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குற்றவாளியைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளே, மருமக்களே! அந்தத் தட்டை முகம் சுளிக்காமல், கேட்பதற்கு முன்பே கொண்டுபோய் வையுங்கள். இஃப்தார் விரிப்பில் அவருக்கு எப்போதும் உள்ள இடத்தை அப்படியே வைத்திருங்கள்.

நோயாளிகளே! அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, அவன் ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை அவனுக்கு எழுதப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நாற்பது வருடம் விடாமல் நோன்பு வைத்தீர்களே, அது வீணாகிவிடவில்லை. நோற்க முடிந்த நாட்களில் நீங்கள் நோற்ற நோன்புகளே, நோற்க முடியாத நாட்களில் உங்களுக்காகப் பேசுகின்றன.

அன்று "சாப்பிடாதே" என்றான், சாப்பிடாமல் இருந்தீர்கள். இன்று "சாப்பிடு" என்கிறான், சாப்பிடுங்கள். இரண்டும் அவனுக்காகவே. அந்தத் தண்ணீரை பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களில் ஆஃபியத்தைத் தருவாயாக! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! நீ தந்த கடமைகளை நிறைவேற்றவும், நீ தந்த சலுகைகளைப் பணிவோடு ஏற்கவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.