சட்டைப் பொத்தானும் சேவையும்

நம்ம இயக்கத்தில் 'சேவை' என்ற சொல் வராத கூட்டமே இல்லை. நானும் கோவில் அன்னதானத்தில் வாளி தூக்கியவன்தான். ஆனால் சேவை என்றால் என்ன என்று என்னை யோசிக்க வைத்தது எங்க தாத்தாவின் சட்டைப் பொத்தான்.

தாத்தா ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். போன வருஷம் தலைக்குள்ளே ரத்தம் கட்டி, அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. தினமும் நூற்றுக்கணக்கான மரங்களில் வேலை செய்தவர், ஒரு பொத்தானிடம் திணறினார். அம்மா சோறு ஊட்டினாங்க. செமஸ்டர் லீவில் நான் சட்டை போட்டுவிட்டேன். பொறுப்பான பேரன் என்று லயத்தில் எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கும் பெருமைதான்.

பிறகு சிரம்பான் ஆஸ்பத்திரியில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' பிரிவுக்குப் போனோம். ஏதாவது மெஷின் இருக்கும்னு நினைச்சேன். அங்கிருந்த அக்கா ஒரு சட்டையைத்தான் கொடுத்தாங்க. "பலவீனமான கையை முதல்ல நுழைங்க தாத்தா. கழட்டும்போது அதைக் கடைசியா எடுங்க." பத்து நிமிஷம் ஆச்சு. பொறுக்காமல் நான் கை நீட்டினேன். "தம்பி, நீங்க போட்டுவிட்டா சட்டை ஏறிடும், கை வராது" என்றாங்க.

காரணம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்கு அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நான் மாட்டிய ஒவ்வொரு பொத்தானும் அவர் இழந்த ஒரு பயிற்சி. 1965இல் வெளிவந்த பார்தெல் அளவுகோல், உண்பது, உடுத்துவது, படியேறுவது என 10 அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 புள்ளி தருகிறது. தானே சாப்பிட்டால் 10, உதவியோடு சாப்பிட்டால் 5, முழுக்க ஊட்டிவிட்டால் 0. எங்கள் அன்புக்கு அந்தத் தாளில் கிடைத்தது 0.

அப்படியானால் உதவாமல் இருப்பதுதான் தர்மமா? இல்லை. எல்லாருக்கும் எல்லாம் திரும்பி வராது. 100 வாங்காதவர் மனிதரில் குறைந்தவரும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நாற்காலி உதவியது, வேலை செய்த கை அவருடையது.

நான் படிப்பது சிவில். கான்கிரீட் இறுகும்வரை பலகை அடித்துத் தாங்குவோம். சீக்கிரம் கழற்றினால் இடியும். இறுகிய பிறகும் கழற்றாமல் வைத்திருந்தால், தாங்குவது எது என்றே தெரியாது. நண்பர்களே, நம் சேவையில் எவ்வளவு அவருக்காக, எவ்வளவு நம் பெருமைக்காக என்று கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது தாத்தா நாலு பொத்தான் தானே போடுகிறார். கழுத்துப் பொத்தான் மட்டும் இன்னும் வரவில்லை. அவர் "அப்பனே, இதைப் போடு" என்று கூப்பிடும்வரை பக்கத்திலேயே சும்மா நிற்கிறேன். அப்படி நிற்பதுதான் ரொம்பக் கஷ்டம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு லேட்டாகத்தான் போகிறோம். பரவாயில்லை.