தானே துடிக்கும் நெஞ்சு

உடலினின்று வேறாக்கிய விலங்கின் நெஞ்சும் சிறிது பொழுது தானே துடித்தல் கண்டு, உடலே உயிரென வாதிப்பாருளர். அத்துடிப்பிற்கு ஊற்றாவது, நெஞ்சின் வலப்பக்க மேலறையில் மேற்பெருநாளம் புகும் வாயிலையடுத்த சிறு தசைக்கணு. கீத்து, பிளாக்கு என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் 1907-இல் அதனை விளக்கினர்.

அக்கணுவும் மூப்பெய்தும். கிழச் சுண்டெலியின் கணுவினின்று பிரித்தெடுத்த உயிரணு, தனித்து நின்றவழியும், இளையதனினும் மெல்லவே துடிக்கின்றது. துடிப்பை எழுப்பும் மின்னோட்டங்கள் தளர்ந்தமையே காரணம். மக்கள்பால் இத்தளர்ச்சி ஓய்வின்கண் பெரிதும் மறைந்துகிடந்து, உழைப்பின்கண் வெளிப்படும். மலைக்கோயிற் படியேறும் முதியோர்க்கு இது கூறவேண்டா.

நாழிகை வட்டிலும் தானே சொட்டுகின்றது, பொழுதறிவான் வேறொருவன். தன் தளர்ச்சியைத் தானறியாத இக்கணுவை அறிவுடைப் பொருளென்பார், ‘தளர்ந்தேன்’ என்றறிவது யாதெனக் கூறுக.